மானுக்கு ஒரு தோலா

என் மேசைமேல் மின்சார அட்டை பறக்காமல் இருக்க ஒரு பித்தளை எடைக்கல்லை வைத்திருக்கிறேன். சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். தலையில் சின்னக் குமிழ், அடியில் பாதி அழிந்த எழுத்தில் ஒரு தோலா என்று பொறிப்பு. ஒன்றரைப் பவுனுக்குக் கொஞ்சம் குறைந்த எடை. வீட்டுக்கு வருகிறவர்கள் இது என்ன என்று கேட்டால், மான் வேட்டையில் கிடைத்த மெடல் என்று சொல்லிவைப்பேன். யாரும் நம்புவதில்லை. நம்பாததும் நியாயம்தான். தீபாவளிக்கு ஊரே வெடி போடும்போது குளியலறைக்குள் போய் குழாயைத் திறந்துவிட்டு நிற்கிற ஆள் நான். குக்கர் மூன்றாவது விசில் அடித்தாலே எனக்கு ஒருமுறை மூச்சு நின்று வரும். அப்படிப்பட்ட நான் இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்களில், அமீரகத்து அல் ஐனில், மான் வேட்டைத் துப்பாக்கிக்கு எத்தனை எடையில் குண்டு போடவேண்டும் என்று அரபிகளுக்கு ஆலோசனை சொல்லிச் சம்பளம் வாங்கினேன். இந்த எடைக்கல்லைக் கொடுத்தவர் அந்த ஆலோசனையை வாராவாரம் கேட்டவர். ஒரே ஒரு வாரம் தவிர ஏற்றுக்கொள்ளாதவர்.

நான் வேலை பார்த்தது பாலைவனத்துக்குப் போகிறவர்களுக்கான சாமான் கடை. கூடாரம், கயிறு, காப்பிக் கூஜா, வல்லூறுக்கு மாட்டும் தோல் முகமூடி என்று வாசல்வரை அடுக்கியிருக்கும். கடைக்குள்ளே இரும்புக் கதவு போட்ட ஓர் அறை. அங்கேதான் உரிமம் உள்ளவர்களுக்கான துப்பாக்கிகளும் தோட்டாக்களும். உள்ளூரில் வேட்டையாடத் தடை என்பதால், வாங்குகிறவர்கள் போலீஸ் அனுமதித் தாள் எடுத்துக்கொண்டு குளிர்நாட்டு மலைகளுக்குப் போவார்கள். அந்த அறையைப் பார்த்துக்கொண்டவர் பெஷாவர்க்காரரான கான் பாய். அவர் லீவில் போனார், லீவு நீண்டது, பிறகு அவரே வரவில்லை. மேனேஜர் மார்த்தாண்டத்துக்காரர், நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். ஒரு காலையில் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார்.

"லேய் மக்கா, இனி அந்த ரூமு ஒனக்கு."

"அண்ணாச்சி, எனக்குப் பொட்டுவெடின்னாலே பயம்."

"ஒன்ன வெடிக்கவா சொன்னேன்? விக்கத்தானல சொல்லுதேன்."

கான் பாய் எனக்கு விட்டுப்போன ஒரே ஆஸ்தி ஒரு நோட்டு. முழுக்க உருது. எனக்கு அதில் விளங்கியவை எண்களும் படங்களும் மட்டும்தான். நூற்றைம்பது என்று எழுதி, பக்கத்தில் சின்ன மான். நூற்று அறுபத்தைந்து என்று எழுதி, சுமாரான மான். நூற்றெண்பது என்று எழுதி, தலையில் மரமே முளைத்த மாதிரி கொம்போடு ஒரு பெரிய மான். நாலாவதாக ஒரு துப்பாக்கி, அதன் முனையிலிருந்து கீழ்நோக்கி வளைந்த ஓர் அம்புக்குறி, அதன்மேலும் நூற்றெண்பது. இது துப்பாக்கியைக் கீழ்த்தட்டில் வைக்கவேண்டும் என்பதற்கான குறிப்பு என்று நானாக முடிவுசெய்து, அப்படியே அடுக்கியும் வைத்தேன். அந்த எண்கள் கிரெயின் கணக்கு என்று அண்ணாச்சி சொன்னார். கிரெயின் என்றால் ஒரு தானிய மணியின் எடையாம். தோட்டாவின் மொத்த எடையை அது சொல்வதில்லை. முனையிலிருந்து பறந்துபோகும் ஈயத்தலையை மட்டும்தான் சொல்லும். என் ஞானம் அத்தோடு முடிந்தது. இந்த மூன்று மான் படங்களை வைத்துக்கொண்டு நான் ஐந்து வருடம் பேசினேன். "சமவெளியில சின்ன மான்னா நூத்தம்பது. லேசு, வேகமாப் போகும். மலைக்காட்டுல பெரிய கலைமான்னா நூத்தெண்பது. கனம், ஆழமா இறங்கும்." இப்படிச் சொல்லும்போது கண்ணைச் சற்றுச் சுருக்கி, தொலைவில் ஏதோ மலை தெரிவதுபோல் சுவரைப் பார்ப்பேன். நான் வாழ்க்கையில் நேரில் பார்த்த மான், வல்லநாடு பக்கம் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகத் தெரிந்த ஒன்று. அதுவும் ஆடாக இருந்திருக்கலாம்.

ஊரில் நான் நாலு பேர் கூடுகிற இடத்தில் நடுவில் நிற்கிறவன். கல்யாண வீட்டுப் பந்தியில் நான் உட்கார்ந்த வரிசைக்குச் சாம்பார் இரண்டாம் முறை வருவதற்குள் சிரிப்பு வந்துவிடும். அல் ஐனில் என் சிரிப்புக் கடை திறந்துகொள்ளவே இல்லை. அண்ணாச்சிக்குச் சிரிக்கிற பழக்கம் கிடையாது. பல்லில் ஏதோ வைத்தியம் செய்திருந்தார். மற்றவர்களுக்கு என் தமிழ் புரியாது, என் இந்தியோ எனக்கே புரியாது. குண்டு என்ற ஒரு சொல்லை வைத்துத் தமிழில் எத்தனை விதமாக விளையாடலாம்! அத்தனையும் எனக்குள்ளேயே தோன்றி எனக்குள்ளேயே அடங்கின. மத்தியானம் கடை காலியாக இருக்கும்போது, கூடாரத்து வாசலில் நிற்க வைத்திருந்த துணிக்கடைப் பொம்மையிடம் சிலவற்றைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நல்ல ரசிகன், ஆனால் உணர்ச்சியைக் காட்டமாட்டான். வெள்ளிக்கிழமை போன் கார்டைச் சுரண்டி வீட்டுக்குப் பேசும்போது, மனைவியாவது சிரிக்கட்டும் என்று, "இப்ப எனக்குக் குண்டு எடை பாக்குற வேலை" என்றேன். "யாரு அந்தக் குண்டு? அங்க போயி யார எடை பாத்துட்டு இருக்கீங்க?" என்று கேட்டாள். விளக்கிச் சொல்வதற்குள் கார்டில் பணம் தீர்ந்தது. அடுத்த வெள்ளிக்கிழமைவரை அந்தச் சந்தேகம் கடலுக்கு இரண்டு பக்கமும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

இந்தக் காலத்தில்தான் அவர் வந்தார். எல்லோரும் அவரை அர்பாப் என்பார்கள்; முதலாளி என்று பொருள். அவர் யாருக்கு முதலாளி என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. எழுபது வயதுக்கு மேல். வெள்ளை அங்கி சலவை மடிப்போடு இருக்கும், செருப்பு மட்டும் பழசு. வியாழக்கிழமை சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் வருவார். ஒட்டகச் சேணம் போட்ட முக்காலியில் உட்காருவார். கையில் ஏதோ ஒரு பித்தளைத் துண்டு எப்போதும் உருண்டுகொண்டிருக்கும். ஜெபமாலையில் கழன்ற மணி என்று நினைத்திருந்தேன். சிறுவயதில் பம்பாயில் இருந்தவராம், இந்தி தண்ணீர் மாதிரி ஓடும். முதல் நாள் என்னோடு இரண்டு நிமிடம் பேசிவிட்டு அண்ணாச்சியிடம் திரும்பி, "இவன் இந்தியன் என்கிறாய், இந்தி தெரியவில்லையே, விசாவைச் சரியாகப் பார்த்தாயா?" என்று கேட்டார். அன்றைக்கு அண்ணாச்சியின் வைத்தியம் செய்த பல்லை முதன்முதலாகப் பார்த்தேன்.

பிறகு என்னிடம் திரும்பி, "மானுக்கு எது? நூற்றைம்பதா, நூற்றெண்பதா?" என்றார்.

எந்த நாட்டு மான் என்று கேட்டேன். ஹங்கேரி மலைக்காட்டுக் கலைமான் என்றார். சுவரைப் பார்த்து, கண்ணைச் சுருக்கி, நூற்றெண்பது என்றேன். அவர் முக்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "தப்பு! நூற்றைம்பது போதும். கனத்தைக் கட்டித் தூக்கி எறிகிறவன் கழுதை. குறி பார்க்கத் தெரிந்தவனுக்கு லேசு குண்டு!" நூற்றெண்பது என்று மறுபடி சொன்னேன். பயத்தில் எனக்கு வேறு எண் ஞாபகம் வரவில்லை. அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்ததை அப்போது நான் கவனித்தேன், அர்த்தம் பண்ணிக்கொள்ளவில்லை. அரைமணி நேரம் என்னைக் கழுதை என்றும் மளிகைக் கடைக்காரன் என்றும் திட்டிவிட்டு, ஒன்றும் வாங்காமல், மிகுந்த திருப்தியோடு போனார். அடுத்த வியாழக்கிழமை அதே முக்காலி, அதே கேள்வி. அதற்கடுத்த வாரமும் அதேதான்.

ஒரு வருடம் இப்படிப் போயிற்று. சரக்கு போகாத வாடிக்கையாளர் என்று அண்ணாச்சி முணுமுணுப்பார். எனக்கோ புதன்கிழமையே சட்டையை இஸ்திரி போட்டு வைக்கிற அளவுக்கு ஆகிவிட்டது. வாரம் முழுக்க என்னோடு வாய்விட்டுப் பேசுகிற ஒரே ஆள், என்னைத் திட்டுவதற்காக வருகிற அவர்தான். திட்டு வாங்குவதற்காகவே இந்தியில் நாலு வாக்கியம் கூடுதலாகக் கற்றுக்கொண்டேன்.

பிறகு ஒரு வியாழக்கிழமை, உட்காராமல் நின்றபடியே, "இந்த மாதம் போகிறேன். அனுமதித் தாள் எழுது. இருபது தோட்டா" என்றார். எடை என்ன என்று கேட்டேன். கையிலிருந்த பித்தளைத் துண்டை இரண்டு சுற்று உருட்டிவிட்டு, "நூற்றெண்பது எழுது" என்றார்.

ஒரு வருடப் போரில் நான் ஜெயித்துவிட்டேன்! என் வாய்ச்சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு, தரையில் கால் பாவாமல் டைப்பிங் சென்டருக்குப் போனேன். அங்கே எந்த அரசாங்க விண்ணப்பமானாலும் அரபியில் தட்டித் தருகிற ஒரு மலையாளி சேட்டன் இருந்தார். "கிரெயின் என்னு பறஞ்சா அரபியில் எந்தா?" என்று கேட்டார். ஜெயித்தவனுக்குத் தெரியாதது உண்டா? கிரெயின் என்றால் தானிய மணி. மணிக்கு அரபியில் ஹப்பா. "ஹப்பான்னு போடுங்க சேட்டா" என்றேன். அந்த ஊரில் தக்காளி வாங்கினால் ஹப்பா, மாத்திரை வாங்கினால் ஹப்பா, பரோட்டா வாங்கினாலும் ஒரு ஹப்பா, இரண்டு ஹப்பா. அதாவது உருப்படிக்கு அதுதான் பெயர். தினமும் பத்து தடவை நான் சொல்கிற சொல் அது. அந்த நேரத்தில் மட்டும் ஞாபகம் வரவில்லை. சேட்டன் நூற்றெண்பது ஹப்பா என்று தட்டினார். எண்ணிக்கைதான் வந்துவிட்டதே என்று இருபதை விட்டுவிட்டார். அர்பாப் கண்ணாடி கொண்டுவரவில்லை. அப்படியே கையெழுத்துப் போட்டார். ஓர் ஆள், ஒரு மான், நூற்றெண்பது தோட்டா என்று போலீஸுக்கு விண்ணப்பம் போயிற்று.

மூன்றாம் நாள் கடைக்குப் போலீஸிலிருந்து போன் வந்தது. தாளை எழுதியவன் மறுநாள் காலை அலுவலகத்துக்கு வரவேண்டும். அண்ணாச்சி ரிசீவரை வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மக்கா, தீவிரவாதின்னு நெனச்சிருப்பானுவளோ?" என்றார். கூட வருவீர்களா என்று கேட்டேன். "எனக்கு ஷுகரு இருக்குலா" என்றார். ஷுகருக்கும் போலீசுக்கும் என்ன தொடர்பு என்று நான் கேட்கவில்லை. அந்தச் சாயங்காலம் நான் செய்த காரியங்களை இப்போது சொன்னால் வெட்கம்தான். மனைவிக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினேன்; அதில் இரண்டு பக்கம் அந்தக் குண்டு விவகாரத்துக்கு விளக்கம். நாடுகடத்தும்போது போட்டோ எடுப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்ததால் முகச்சவரம் செய்தேன். சிறையில் ஏசி அதிகமாக இருக்கும் என்று கேள்வி. அதனால் மறுநாள் பேண்ட்டுக்குள் இன்னொரு பேண்ட் போட்டுக்கொண்டேன். என் பிரஷர் குக்கரை அறைத்தோழரிடம் கண்கலங்க ஒப்படைத்தேன். அவரும் கண்கலங்க வாங்கிக்கொண்டார். நான் திரும்பி வந்த பிறகும் அந்தக் குக்கர் திரும்பி வரவில்லை.

அலுவலகத்தில் ஓர் இளம் அதிகாரி. உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். கடைசி டீ என்றே குடித்தேன். கேட்டதற்கெல்லாம் எடை, எடை என்று மூன்று மொழியில் சொன்னேன்; எதிலும் வாக்கியம் முடியவில்லை. அனுமதி கிடையாது என்று தாளை அவர் ஓரமாக ஒதுக்கியபோதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. எனக்கு வேலை போனால் ஊர் இருக்கிறது. என் ஒரு சொல்லால் கிழவருடைய பயணம் போய்விடுமே. அந்த நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு அர்பாப் வந்தார். அண்ணாச்சி போன் செய்திருக்கிறார்; ஷுகர்க்காரருக்கு அந்த அளவுக்கு மனசு இருந்தது. அர்பாப் தாளை வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் இரண்டு பேண்ட்டுக்குள்ளும் வியர்த்தது. அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறார்! கையிலிருந்த பித்தளைத் துண்டை அதிகாரியின் மேசைமேல் வைத்தார். "நூற்றெண்பது ஹப்பா என்றால் இவ்வளவுதான் மகனே. ஒரு தோலா."

அதிகாரி அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். தோலா என்றால் அந்த நாட்டில் தங்கம் வாங்குகிற எல்லோருக்கும் தெரியும். நூற்றெண்பது கிரெயின் சேர்ந்தால் மிகச் சரியாக ஒரு தோலா. ஐந்து நிமிடத்தில் தாள் திருத்தப்பட்டது. எடை நூற்றெண்பது, எண்ணிக்கை இருபது.

வெளியே வந்து அவர் வண்டியில் உட்கார்ந்த பிறகு, அந்தத் துண்டைப் பற்றிச் சொன்னார். அது அவருடைய சிநேகிதருடைய கடைக் கல். சிநேகிதர் சந்தையில் தங்கம் விற்றவர். இருவரும் முப்பது வருடம் சேர்ந்து வேட்டைக்குப் போனார்கள். குண்டு எடுத்து வைப்பதும் துப்பாக்கியின் குறியைச் சரிபார்ப்பதும் சிநேகிதர் வேலை. அர்பாப் நூற்றைம்பது என்பார். சிநேகிதர் தராசுக்காரர் அல்லவா, விடமாட்டார். "மானுக்கு ஒரு தோலா கொடு. ஓர் உயிரை வாங்கும்போது எடையில் குறைக்காதே" என்பார். முப்பது வருடமும் அர்பாப் பிடிவாதமாக நூற்றைம்பதே போட்டார். சிநேகிதர் திட்டிக்கொண்டே அதற்குத் தக்கபடி குறியைச் சரிசெய்து கொடுப்பார். நான் அந்தக் கடைக்கு வருவதற்கு முந்தைய வருடம் அவர் இறந்துபோனார். "பிறகு யாரும் என்னோடு சண்டை போடவில்லை" என்றார் அர்பாப். "என் பிள்ளைகள் நான் எதைச் சொன்னாலும் சரி பாபா என்கிறார்கள். நீ ஒருவன்தான் பயந்துகொண்டே எதிர்த்துப் பேசினாய்." என் வாய்ச்சாமர்த்தியம் ஜெயித்த கதை அத்தோடு முடிந்தது. ஒரு வருடமாக நான் இறந்துபோன ஒருவர் சார்பில் வாதாடியிருக்கிறேன், வக்காலத்து நாமா இல்லாமலே.

ஹங்கேரியிலிருந்து மூன்று வாரத்தில் திரும்பினார். வியாழக்கிழமை வந்து தோட்டாப் பெட்டியை மேசைமேல் வைத்தார். பத்தொன்பது இருந்தது.

"ஒரு மான்?" என்றேன்.

"ஒரு கல்" என்றார். "மான் மேலே நின்றது. குண்டு அதன் காலுக்குக் கீழே பாறையில் பட்டது."

கான் பாயின் பழைய நோட்டு என் மேசையில் இருந்தது. அவர் எடுத்துப் புரட்டினார். அரபி எழுத்துத் தெரிந்தவர், இந்தி தெரிந்தவர். உருதுவைத் தட்டுத்தடுமாறி வாசித்துவிட்டார். அந்த நாலாவது படத்தின் கீழ் கான் பாய் எழுதியிருந்ததை எனக்குச் சொன்னார்: லேசான குண்டுக்குக் குறி வைத்த துப்பாக்கியில் கனமான குண்டு போட்டால் தாழ்ந்து போகும், மறுபடி குறி சரிசெய்யாமல் கொடுக்காதே. இருக்கிற பயம் போதாதென்று எனக்குப் புதிதாக ஒன்று வந்தது. துப்பாக்கியைக் கீழ்த்தட்டில் அடுக்கியிருக்கிறேனே பாவி! என்னை மன்னியுங்கள், எனக்குப் படிக்கத் தெரியவில்லை என்று உளறினேன்.

"எனக்குத் தெரியாதா?" என்றார் அவர். "முப்பது வருடம் சுட்டவன். தெரிந்தேதான் அப்படியே எடுத்துப் போனேன்."

நோட்டை மூடி மேசைமேல் வைத்தார். பிறகு, "குறி தப்பியதும் என் சிநேகிதன் எப்போதும் நிற்கிற பக்கம் திரும்பினேன். இவன் இப்போது கழுதை என்பான் என்று காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. துப்பாக்கியைப் பிரித்துப் பையில் போட்டுவிட்டேன்" என்றார்.

இப்படிப்பட்ட நேரத்தில் என் வாய் தானாகத் திறந்துகொள்ளும். ஊரில் அதற்காக அடிகூட வாங்கியிருக்கிறேன். வாரக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த இந்தி அத்தனையையும் திரட்டி, "அர்பாப், மானுக்குக் கொடுக்கவேண்டிய தோலாவை மலைக்குக் கொடுத்த கழுதை இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான்" என்றேன். அண்ணாச்சி காப்பிக் கூஜாவைக் கீழே போட்டார். அர்பாப் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தார். முக்காலியைப் பிடித்துக்கொண்டு, தலைத்துணி நழுவ, கண்ணில் நீர் வர, வாசலில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். அந்த நாட்டில் எடுபட்ட என் ஒரே ஜோக் அது. போகும்போது பித்தளைக் கல்லை மேசைமேல் வைத்தார். எடுக்க மறந்துவிட்டார் என்று பின்னாலேயே ஓடினேன். "உன்னிடமே இருக்கட்டும்" என்றார். "அவன் பக்கம் பேசுகிறவன் நீதானே."

அதன்பிறகும் இரண்டு வருடம் வியாழக்கிழமை தவறாமல் வந்தார். எந்த மலைக்கும் போகவில்லை. நூற்றைம்பதா, நூற்றெண்பதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஊரெல்லாம் கம்பெனிகள் ஆள் குறைத்த காலத்தில் எங்கள் கடையையும் மூடினார்கள். என் விசாவை ஒரு திங்கட்கிழமை ரத்து செய்து, புதன்கிழமைக்கு டிக்கெட் கொடுத்தார்கள். வியாழக்கிழமை அவர் வந்து, பூட்டின கதவைப் பார்த்திருப்பார். அவருடைய போன் நம்பரை நான் ஒருநாளும் கேட்டதில்லை. வாராவாரம் வருகிறவருக்கு எதற்கு நம்பர்?

மனைவி இப்போது மகளின் பிரசவத்துக்காக ஓசூர் போயிருக்கிறாள். வீட்டில் நானும் மின்விசிறியும்தான். போன வாரம், போக இடமில்லாமல், இந்தக் கல்லை எடுத்துக்கொண்டு நகைக்கடைத் தெருவுக்குப் போனேன். பட்டறைக்காரர் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற மின்தராசில் வைத்தார்.

"பதினொண்ணு புள்ளி மூணு கிராம்தான் சார் நிக்கிது. தோலான்னா பதினொண்ணரைக்கு மேல வரணும். நல்லாத் தேஞ்சு போச்சு."

"கிரெயின் கணக்குல?"

கால்குலேட்டரைத் தட்டினார். "நூத்தி எழுபத்தி நாலு."

அங்கேயே நின்று சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். பட்டறைக்காரர் தராசைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முப்பது வருடச் சண்டை! நூற்றைம்பதும் இல்லை, நூற்றெண்பதும் இல்லை. எடையில் குறைக்காதே என்று சொன்ன தராசுக்காரருடைய கல்லிலேயே ஆறு கிரெயின் குறைகிறது. இதைக் கேட்டால் அர்பாப் எழுந்து நின்றே குதிப்பார். அவன் கல் சரியாகத்தான் இருந்தது, உன் சட்டைப்பையில் கிடந்துதான் தேய்ந்தது, மளிகைக் கடைக்காரா, என்பார். இல்லை, உங்கள் கையில் உருட்டி உருட்டித்தான் தேய்ந்தது என்று நான் சொல்வேன். இந்தச் சண்டை குறைந்தது நாலு வியாழக்கிழமைக்குத் தாங்கும்.

வீட்டுக்கு வந்து அதை இந்தியில் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். உச்சரிப்புகூடப் பரவாயில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அட்டை பறக்கப் பார்த்தது. கல்லை எடுத்து அதன்மேல் வைத்தேன்.